சொட்டும் வால்வும் ஜகதீசனின் சந்தேகமும்

மாரெட்பள்ளி ஜகதீசன் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பிளம்பர்கள் எல்லாரும் திருடர்கள் என்பது அவர் கொள்கை. ஆகவே புது கீசரைத் தானே மாட்டினார்.

தண்ணீர் சூடேறியதும் பாதுகாப்பு வால்வு சொட்டியது. உள்ளே அழுத்தம் கூடினால் நீரை வெளியே விடுவதுதான் அதன் வேலை. ஜகதீசனுக்கோ, கடைக்காரன் கெட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று பட்டது. வால்வின் வாயில் ஒரு மூடியைத் திருகி இறுக்கினார். சொட்டு நின்றது.

"இப்பப் போய்க் குளி" என்றார் மனைவி கல்பகத்திடம்.

துண்டோடு உள்ளே போன கல்பகம் அப்படியே திரும்பி வந்தாள். கீசர் உறுமிக்கொண்டிருந்தது.

"நக்கோ, எனக்கு வேண்டவே வேண்டாம்! ஏன்னா, ஊரையே சந்தேகப்படறேளே, நீங்க மாட்டினதை யார் செக் பண்ணினா?"

"நான் மாட்டினதை எதுக்குடி செக் பண்ணணும்?"

கல்பகம் சுவிட்சை அணைத்தாள். குளியலறைக் கதவை வெளியே தாழிட்டாள். பிளம்பர் நூர் முகமதுவுக்குப் போன் செய்துவிட்டு, எதிர் வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டாள்.

ஜகதீசன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருகிறவன் போகும்போது எதைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பார்க்க வேண்டாமா?