ஞானபூரணம் அடைத்த வழி

ஞானபூரணத்துக்குப் புருஷன் மேல் கோபம் வந்ததே இல்லை. கோபப்படுவதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும் என்பது அவள் எண்ணம். வாசுதேவநல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த வருஷமே தங்கப்பழத்தின் ஆழம் எத்தனை விரற்கடை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவன் பேரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் புளி கரைப்பது முதல் கல்லாவில் உட்காருவது வரை எல்லாம் அவள்தான். அவன் வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்று பெரிய மனிதர்களுக்குக் கும்பிடு போடுவான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கடைக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தினார்கள். பஸ்ஸும் லாரியும் வேகம் பிடித்து எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டன. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த இரண்டு பேர் கடைக்கு நேர் எதிரே செத்தார்கள். பிறகுதான் ரோட்டு நடுவில் முழங்கால் உயரத்துக்கு நீளச் சுவர் ஒன்று எழும்பியது. அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒரு சாவும் விழவில்லை.

தங்கப்பழத்துக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"வெட்டிச் செலவு! இந்தச் செங்கல்லுக்குக் கொட்டுனதுல ஊருக்கே குழாத் தண்ணி விடலாம். எதிர்ப்பக்கத்து பஸ் நம்ம கடைக்கு எப்படித் திரும்பும்?"

"போன வருஷம் கவுந்த பஸ்ஸத் தூக்குனதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆன செலவு எவ்வளவாம்?" என்றாள் ஞானபூரணம்.

"ஒனக்கு என்னட்டி தெரியும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேதக்கோயிலில் ஜெபத்தில் இருந்த நேரம், கடப்பாரைக்கு ஆள் பிடித்து, ஒரு பஸ் நுழையும் அகலத்துக்குச் சுவரை உடைத்துவிட்டான். விசாரிக்க வந்த ரோட்டு ஓவர்சியரிடம், "லாரி இடிச்சிட்டு சார்" என்று கூசாமல் சொன்னான். பஸ்கள் திரும்பின. கடையில் கூட்டம் நெரிந்தது. உலகத்தையே புரட்டிவிட்டவன் போல அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றான்.

கடையின் பரோட்டா மாஸ்டர் மூக்காண்டி, ஒரு நாள் எதிர்ப்பக்கத்து விறகு டெப்போவில் சொல்லிவிட்டு அந்த இடைவெளி வழியாகத் திரும்பி வந்தான். பஸ் ஒன்று திடீரென்று வளைந்தது. அதற்கு ஒதுங்கிய லாரி அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் கால் ஒன்றை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சாத்துக்குடியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த தங்கப்பழம், "விதி. அவனுக்கும் நிதானம் கெடயாது. வேற மாஸ்டர் பாக்கணும்" என்றான்.

இலையில் ஊரும் பூச்சியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள் ஞானபூரணம்.

மறுநாள் காலை, வியாபாரம் கொதிக்கிற நேரத்தில், அடுப்படி வேலைக்காரி முத்துத்தாயையும் கூட்டிக்கொண்டு, கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லையும் காலித் தார் டின்களையும் உருட்டி வந்து அந்த வழியில் போட்டாள். டின்களில் மண்ணை அள்ளி நிரப்பினாள். பஸ் டிரைவர்கள் ஹாரனை அலற விட்டார்கள். அவள் நகரவில்லை.

தங்கப்பழம் ஓடி வந்தான். "ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? கடை படுத்துரும்!"

"படுக்கட்டும். மூக்காண்டி படுத்துத்தான கெடக்கான்."

"ஊரு சிரிக்கும்ட்டி!"

"ஊரு எப்பவோ சிரிச்சிட்டு. உங்க காதுலதான் விழல."

ஓவர்சியர் வந்து சேர்ந்ததும் கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "சார், லாரி ஒண்ணும் இடிக்கல. இவுகதான் ஆள் வச்சு ஒடைச்சாக."

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது தங்கப்பழம் அங்கே இல்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அந்த வாரமே கொத்தனார் வந்து சுவரைச் சேர்த்துப் பூசினார்.

வியாபாரம் கொஞ்ச நாள் இறங்கத்தான் செய்தது. பிறகு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெண்கள் பயமில்லாமல் அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தார்கள். மூக்காண்டி கட்டைக்காலோடு திரும்பி வந்ததும் ஞானபூரணம் அவனைக் கல்லாவில் உட்கார வைத்தாள். தங்கப்பழத்திடம் அவள் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வியாபாரிகள் கூட்டத்தில் தங்கப்பழம் எழுந்து, "அந்த வழிய அடைக்கணும்னு மொதல்ல சொன்னவன் நான்" என்று பேசினான். கைதட்டினார்கள், துண்டு போட்டார்கள். அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, "பாத்தியா?" என்றான்.

ஞானபூரணம் துண்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். நல்ல கெட்டி நூல். சோற்றுப் பானை இறக்கும் பிடித்துணி கிழிந்துபோயிருந்தது. இரண்டாக மடித்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.