மைத்துனர் போர்த்திய துண்டு

வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்கு ஒரு விழா எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழைப் பார்த்தே சொல்ல வரும். மாலை ஆறு மணி என்று அச்சடித்திருந்தால், சிறப்பு விருந்தினர் அப்போதுதான் குளிக்கப் போவார். ஆகவே நாடகத்துக்கு முன்னால் நிதானமாகச் சாப்பிட்டுவிடலாம் என்றேன். என் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சாப்பாடு வேறொரு காரியத்துக்குத் தேவைப்பட்டது.

அவள் தம்பிக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி வியாபாரம். தம்பி மகள் புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை; எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள். சாயங்காலங்களில் ஒரு சின்ன நாடகக் குழுவில் நடிக்கிறாள். விஷயம் தகப்பனார் காதுக்குப் போனதும், நாடகத்தை நிறுத்திவிட்டு ஊர் வந்து சேரும்படி போனிலேயே உத்தரவு பிறந்தது. பொன்னமராவதியில் அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த உத்தரவின் மீது மேல்முறையீடு செய்தவள் என் மனைவி. "ஒரு தடவ வந்து பாரு, பாத்துட்டுச் சொல்லு" என்று தம்பியை வரவழைத்துவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். மைத்துனர் முதலில், அவித்த முட்டையைக் கொத்தி மசாலாவில் புரட்டித் தருகிற முட்டை மாஸுக்குச் சொன்னார். பிறகு கொள்கையை அறிவித்தார்.

"அக்கா, நீ கூப்பிட்டேன்னு வந்துட்டேன். ஆனா இன்னையோட கடைசி. கண்டவன் முன்னாடி ஆடுறதுக்கா அதை பி.எட். படிக்க வச்சேன்?"

"ஆடலடா, நடிக்கிறா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏன்டா, திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய நாடகம் பாத்து மூக்கச் சிந்துறவன்தானே நீ?"

"அது பாக்குறதுக்கா. அதுல நடிக்கிறது நம்ம வீட்டுப் புள்ள இல்லையே."

இவ்வளவு தெளிவான கொள்கை விளக்கத்தை நான் எந்த அரசாணையிலும் படித்ததில்லை.

"அத்தான், கவர்மெண்டுல இருந்தவங்க நீங்க சொல்லுங்க, நான் சொல்றதுல என்ன தப்பு?"

"மாப்ள, விசாரணை முடியாம உத்தரவு போட்டா கோர்ட்டுல நிக்காது."

"அப்பப் பாத்துட்டே போடுறேன்" என்று இன்னொரு முட்டை மாஸ் சொன்னார்.

நாடகம் திருக்கோகர்ணத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மதியம் நடந்த ஏதோ விசேஷத்தின் சாம்பார் வாடை இன்னும் கூடத்தைக் காலி செய்திருக்கவில்லை. மேடை கிடையாது, தரைதான். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

இயக்குநர் ஒரு கல்லூரி விரிவுரையாளர். கதர் ஜிப்பா, தோளில் பை, கண்ணில் உலகத்தின் மீது வருத்தம். மேடை என்பது அதிகாரத்தின் குறியீடு என்று ஆரம்பித்தார். அதைத் தாங்கள் உடைத்துவிட்டதாகச் சொன்னார். அது மேடை வாடகை மிச்சம் பிடிக்கிற வழி என்று எனக்குத் தோன்றியது. "உங்களுக்கும் எங்களுக்கும் இடையே கோடு எதுவும் இல்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த நாடகத்துக்குள் வரலாம்" என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட அழைப்புகள் விடுக்கப்படுகின்றன.

அதன்பின் பொன்னாடைப் படலம். சிறப்பு விருந்தினருக்கு, மண்டப உரிமையாளருக்கு, ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு. போர்த்திக்கொண்டவர்கள் போட்டோ எடுத்து முடிந்ததும் அவசர வேலை நினைவுக்கு வந்து கிளம்பினார்கள்.

மைத்துனருக்கு இது பிடிபடவில்லை. "நாடகமே ஆரம்பிக்கல, அதுக்குள்ள எதுக்கு அத்தான் துண்டு போடுறாய்ங்க? நடிச்சு, நல்லா இருந்தாத்தானே போடணும்?"

அவர் பார்த்து வளர்ந்த நாடகங்களில் அதுதான் முறை. காட்சி மனத்தைத் தொட்டுவிட்டால் பார்ப்பவர் மேடையேறி, நடிப்பவர் தோளில் துண்டு போர்த்துவார். கதை அங்கேயே நிற்கும். கோமாளி வேடக்காரரான பபூன், போர்த்தியவரின் ஊரையும் பேரையும் மைக்கில் சொல்லி நன்றி கூறுவார். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒருவழியாக நாடகம் தொடங்கியது. வற்றிப்போன கண்மாயைப் பற்றிய கதை. முதலில் ஒரு சர்வேயர் வந்து கண்மாயை அளந்தார். கையில் எல்லை காட்டும் புலப்படமே இல்லாமல் அளந்தார். நான் பதவியில் இருந்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன். நாலு பேர் மரமாக நின்றார்கள். அதில் ஒரு மரம் கொட்டாவி விட்டது. மைத்துனர் காலாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார். என் மனைவி அவரைப் பார்த்தாள்.

அப்போது மைத்துனர் மகள் குடத்தோடு வந்தாள். எங்கள் வீட்டில் பாலுக்குச் சர்க்கரை போதவில்லை என்று சிணுங்குகிறவள். கண்மாயைப் பார்த்து, குடும்பத்தைக் கைவிட்டுப் போன அண்ணனைத் திட்டுவதுபோலத் திட்டினாள். பிறகு உட்கார்ந்து, ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டாள். தண்ணீர் வரவில்லை. சிமெண்டுத் தரையில் கொட்டாங்கச்சி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மொண்டு மொண்டு வெறுமையைக் குடத்தில் ஊற்றினாள். எனக்கும் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

மைத்துனரின் கால் நின்றிருந்தது. மூக்கை உறிஞ்சினார். எழுந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். என் மனைவி சட்டையைப் பிடிக்கக் கை நீட்டுவதற்குள் நடுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

"சார்... சார்..." என்றார் விளக்குக்குப் பின்னாலிருந்து இயக்குநர், அதிகாரத்தை உடைத்தவர்.

மைத்துனர் துண்டை மகள் தோளில் போர்த்தினார். பபூன் இல்லாததால் அந்தப் பொறுப்பையும் தாமே ஏற்று, கூட்டத்தைக் கும்பிட்டு, "கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி, இந்தப் புள்ளையோட நடிப்பப் பாராட்டி இந்தத் துண்டப் போத்துறேன்" என்று உரக்கச் சொன்னார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நாடகம் காலி. வரவில்லை. துண்டை உருவினாள். முறுக்கினாள். சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். வெறுங்குடத்தைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டு, தகப்பனாரைக் கரையில் நிற்கிற இன்னொரு மரமாகப் பாவித்துச் சுற்றிக்கொண்டு நடந்து போனாள்.

சாம்பார் வாடை கலையும்படி கைதட்டினார்கள்.

முடிந்ததும் இயக்குநர் எங்களிடம் வந்தார். "ஐயா, அந்த மௌனத்துக்காக எவ்வளவு உழைச்சோம் தெரியுமா?"

"கோடு இல்லை, உள்ளே வரலாம்னு அறிவிச்சது நீங்க" என்றேன் நான். "அறிவிப்ப வாபஸ் வாங்கினதாத் தெரியலையே?"

அவர் என்னை விட்டுவிட்டு யோசனையில் ஆழ்ந்தார். "ஆனா அந்தச் சும்மாடு... அடுத்த தடவையும் வச்சுக்கலாம். கூட்டத்துலேருந்து யாராச்சும் எழுந்து வந்து போர்த்துற மாதிரி."

"யாராச்சுமா?" மைத்துனர் குரல் உயர்ந்தது. "எம் மகளுக்கு எவனோ வந்து துண்டு போடுவானா?"

"அப்ப நீங்களே வாங்க. அடுத்தது பொன்னமராவதியில."

வரன் பேசுகிற ஊரின் பெயரைக் கேட்டதும் மைத்துனர் தோளில் இல்லாத துண்டைத் தேடினார். பெண் குடத்தைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

என் மனைவி விடவில்லை. "இத்தன பேருக்கு முன்னாடி துண்டப் போட்டுட்டு, நாளைக்கு நடிக்காதேன்னா ஒன்னய யாருடா மதிப்பா?"

அவர் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார். "மாப்ள வீட்டுக்காரங்களும் பாக்கட்டும்க்கா. இந்தப் புள்ளையத்தானே கட்டிக் குடுக்கப் போறோம்? வேற புள்ளையவா?"

போனில் போட்ட உத்தரவு முறைப்படி இன்றுவரை ரத்தாகவில்லை. நிலுவையில் இருக்கிறது. எங்கள் துறையில் நடந்த நல்ல காரியங்களில் பாதி அப்படி நடந்தவைதான்.

ஆட்டோவில் ஏறும்போது மைத்துனர் மகளிடம் கேட்டார்: "பொன்னமராவதிக்குப் புதுசாக் கரை வச்ச துண்டு ஒண்ணு எடுத்துரவா?"

"வேணாம்ப்பா, புதுசு வழுக்கும். கொடம் நிக்காது" என்றாள். "பழசாவே கொண்டாங்க."