தொட்டியில் நிற்பவள்

முதல் நாள் ஜிம்முக்குப் போனபோது தையலக்கா ஒரு பழைய போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். குளிருக்கு அல்ல, கண்ணாடியை மூட.

"அக்கா, இந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உங்க போர்வை ஒரு மூலைக்குக்கூடப் பத்தாது," என்றாள் கோச். முப்பதுகூட ஆகாத பெண். காலில் பச்சை ஷூ, கழுத்தில் விசில்.

"நான் நிக்கிற மூலைக்குப் போதும்மா. மத்தவங்க பார்த்துக்கட்டும், எனக்கென்ன."

"எதுக்கு மூடணும்?"

"எங்க சபைல, தலை சீவுற நேரத்துக்கு மேல கண்ணாடி முன்னாடி நின்னா அது மேட்டிமை, தற்பெருமைப் பாவம்."

கோச் சிரிக்கவில்லை. போர்வையின் ஒரு முனையைத் தானே பிடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் செருகிக் கொடுத்தாள். எத்தனை நாளைக்கு என்று முகம்தான் கேட்டது.

போர்வை மட்டுமா? உடம்பை ஒட்டாத முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை தொங்கும் கால்சட்டையும் தையலக்கா தன் கையாலேயே தைத்துப் போட்டிருந்தாள். ஆண்கள் இருக்கும் இடமாயிற்றே என்றுதான் அதிகம் பயந்திருந்தாள். உள்ளே வந்து பார்த்தால் எந்த ஆணும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பதை நெருங்கும் வயது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னத் தையல் கடை. கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு, ஆனால் அது வாடிக்கையாளர்களுக்கு. தையலக்கா அதற்கு முதுகைக் காட்டித்தான் மெஷின் போட்டிருந்தாள். அந்த முதுகும், காலமெல்லாம் குனிந்து குனிந்து, கேள்விக்குறி போல வளைந்துவிட்டது. டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவருக்கு அது கேலி செய்ய நல்ல சாக்கு. "உன் முதுகு மலைப்பாதை வளைவு மாதிரி ஆயிடுச்சு. ஹாரன் அடிக்காம திரும்பாதே," என்பார்.

ஆனால் ஞானஸ்நானம் நடக்கும் நாளில் அவள் வேறு ஆள். அவர்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையில் நாலு துளி தெளித்துவிட்டுப் போவதல்ல. மேடைக்கு முன்னால் இருக்கும் பலகைகளை எடுத்தால் இடுப்பளவு தண்ணீரோடு ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கும். படியிறங்கி உள்ளே போய், முழு உடம்பும் மூழ்கி எழ வேண்டும். பாஸ்டர் ஐயா பக்கத்தில் நின்று தலையில் கை வைத்து ஜெபம் சொல்வார். மூழ்குகிறவள் பெண்ணாக இருந்தால், பின்னால் நின்று பிடரியையும் முதுகையும் தாங்கிச் சாய்த்து, மூழ்கியதும் தூக்கி நிறுத்துவது தையலக்கா. நனைந்த பெண்ணின் மேல் ஆண் கை படக் கூடாது என்பது சபையின் ஒழுங்கு. பாஸ்டருக்கே தலை வரைக்கும்தான் அனுமதி. வெள்ளை அங்கிகளைத் தைப்பவளும் அவளே. அங்கி தண்ணீரில் குடை மாதிரி விரிந்து மானத்தை வாங்காமல் இருக்க, கீழ் மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தது அவள் யோசனைதான்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முகம் மேலே வரும்போது அதை முதலில் பார்ப்பது அவள். அழுகிறவர்கள் உண்டு, சிரிக்கிறவர்கள் உண்டு, மூக்கில் தண்ணீர் ஏறித் தும்முகிறவர்களும் உண்டு. அந்த இடத்தில் நிற்பதற்கு ஈடாக உலகத்தில் வேறெதையும் அவள் கேட்டதில்லை.

போன முறை அந்த முதுகு அவளைக் கைவிட்டது. மருந்துக்கடைக்காரரின் மனைவி, உயரமும் கனமுமான பெண், மூழ்கியாயிற்று. தூக்க வேண்டிய நேரத்தில் தையலக்காவின் இடுப்பில் ஏதோ சுளீரென்று பிடித்தது. கை இறுகிக்கொண்டது, ஆள் மேலே வரவில்லை. பாஸ்டர் ஐயா ஒழுங்கையும் மறந்து தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் அந்த அம்மா இருமிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் கண்ணை அகல விரித்து, "வெளிச்சம்! வெளிச்சத்தைப் பார்த்தேன்!" என்று கத்தினாள்.

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அன்றிலிருந்து வாராவாரம் எழுந்து அவள் சாட்சி சொன்னாள். முதல் வாரம் வெறும் வெளிச்சம்தான். அடுத்த வாரம் அதற்கு ஒரு வாசல் வந்தது. பிறகு வாசலில் யாரோ நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சாட்சியம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தையலக்கா தலையைக் குனிந்துகொண்டு இடுப்பைத் தடவிக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் டிக்கெட் அக்கா தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கால் விளங்காது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, நன்றாகவே கனத்துவிட்டது. அவளைத் தொட்டிக்குள் இறக்கித் தூக்குவது பெண்களால் ஆகாது என்று, நாற்காலியிலேயே வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றலாம் என்றார்கள் மூப்பர்கள். அவள் ஒப்பவில்லை.

"நான் என்ன குழந்தையா, அரை டிக்கெட் வாங்க? எனக்கு முழுசா வேணும்," என்றாள். பிறகு தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தூக்குவியாடி?" என்றாள்.

"தூக்குறேன்," என்றாள் தையலக்கா. இடுப்பைக் கேட்காமலே வாய் ஒப்புக்கொண்டுவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, தசையில்தான் பலமில்லை, எடை தூக்கிப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் மதியம் கடையைச் சாத்தியிருக்கும் நேரத்தில் போர்வையும் கையுமாக அவள் ஜிம்முக்கு வந்தது.

ஆரம்பத்தில் வெறும் கம்பிதான். அதைத் தரையிலிருந்து தூக்குவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. கோச் பாட்டைச் சத்தமாகப் போட்டால் இவள் அதற்கு அடியில் தன் ஜெபப் பாட்டை முணுமுணுப்பாள். ஒரு அடி முடிந்தால் கம்பி மேலே, அடுத்த அடிக்குக் கீழே. சில வாரம் கழித்து ஒரு நாள் கோச் போர்வையை உருவி அவள் கையில் கொடுத்தாள்.

"இனிமே இது வேண்டாம்க்கா. இன்னைலிருந்து கனம் ஏத்துறோம். முதுகு வளையுதா நேரா இருக்கான்னு நீங்களே பார்க்கணும். பார்க்காம தூக்கினா மறுபடி டாக்டர்கிட்டதான் போவீங்க."

"நீ பார்த்துச் சொல்லேன்."

"நான் பின்னாடியே வந்து உங்க தொட்டிலயும் நிப்பேனா?"

தையலக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு முதுகை மட்டும் பார்த்தாள். கம்பி ஏறியது. முதுகு நேராக நின்றது. அந்த நேரான முதுகு யாருடையது என்று பார்க்கப் போய், கண் தோளுக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் ஊரார் தோள்களை டேப் வைத்து அளந்தவள் அவள். ஏறின தோள், இறங்கின தோள், பஞ்சு வைத்து நிமிர்த்த வேண்டிய தோள் எல்லாம் அத்துப்படி. இது நல்ல தோள். பஞ்சே வேண்டாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த கையோடு பயமும் வந்தது. இதைத்தானே சபையில் சொன்னார்கள்? இப்படித்தானே ஆரம்பிக்கும்? அன்று சாயங்காலம் கணவரிடம், "நான் என்னையே பார்த்துச் சிரிச்சேங்க," என்றாள்.

"நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார் அவர்.

"விளையாடாதீங்க."

"சரி, விளையாடல. பார்த்தப்புறம் என்ன பண்ணினே?"

"கம்பியக் கீழ வச்சுட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்."

"அப்புறம் என்ன? சோத்தைப் போடு."

அவருக்குத் தீர்ந்துவிட்டது. அவளுக்குத் தீரவில்லை. ஜிம்மின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு என்பதை வேறு அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் சிரித்த நேரத்தில் மருந்துக்கடைக்குச் சாப்பாட்டுக் கூடையோடு போன சாட்சியம்மா அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாரும் எழுந்திருக்கவில்லை. மூப்பர்களின் முடிவை பாஸ்டர் ஐயா சொன்னார். மெலிந்த மனிதர். கசப்பு மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிறவர் போல, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஜிம்மா, தொட்டியா... ரெண்டுல ஒண்ணை விட்டுடணும்னு நினைக்கிறாங்கம்மா. நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்."

டிக்கெட் அக்கா தன் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் போனாலும் அடி அவளுக்குத்தான். தொட்டியை விட்டால் தூக்க ஆளில்லை, ஜிம்மை விட்டால் தூக்கப் பலமில்லை.

தையலக்கா எழுந்தாள். "என் இடுப்பு போயிடுச்சு ஐயா. மறுபடி இந்தத் தொட்டில நிக்கத்தான் அங்க போனேன். உடம்பை மூடித்தான் போனேன். நீங்க எல்லாரும் வந்து பார்க்கலாம்."

"உடம்புக்காகப் போனா சரி," என்று சாட்சியம்மா எழுந்தாள். "ஆனா நீ கண்ணாடி முன்னாடி நின்னு உன்னையே பார்த்துச் சிரிச்சே. நான் என் கண்ணால பார்த்தேன். இல்லன்னு சொல்லு பார்ப்போம்."

தையலக்காவுக்கு வாய் வரை வந்துவிட்டது. தண்ணீருக்குள் மூச்சு முட்டி நீ பார்த்த வெளிச்சம் யாரால் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வாசலும் வாசலில் நின்றவரும் ஒரே நொடியில் இடிந்து விழுவார்கள். பாஸ்டர் ஐயா கலவரத்தோடு அவளையே பார்த்தார். அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். அந்த வெளிச்சத்தின் மேல் ஒரு மனுஷி நின்றுகொண்டிருக்கிறாள், அதைப் பிடுங்கித் தனக்கு என்ன ஆகப்போகிறது? தன்னிடம் சொல்வதற்கு உண்மை ஒன்று இருந்தது. அது போதும்.

"சிரிச்சேன்," என்றாள்.

"கேட்டீங்களா!"

"இருங்கம்மா. போன மாசம் உங்க நீலக் கவுனைப் போட்டுப் பார்க்க என் கடைக்கு வந்தீங்கல்ல? அந்தப் பெரிய கண்ணாடி முன்னாடி இந்தப் பக்கம் திரும்பினீங்க, அந்தப் பக்கம் திரும்பினீங்க. சிரிச்சீங்க."

"அது... துணி எப்படி விழுதுன்னு பார்க்க வேண்டாமா?"

"பார்க்கணும். பார்த்துட்டு என்ன சொன்னீங்க?"

சாட்சியம்மா தயங்கினாள். "நீ நல்லா தச்சிருக்கேன்னு சொன்னேன்."

"என்னைப் பாராட்டினீங்க. உங்களை நீங்களே பாராட்டிக்கிட்டதா நான் நினைக்கல." தையலக்காவின் குரல் உயரவில்லை, முதுகுதான் உயர்ந்தது. "அதே கதைதாம்மா. இந்த உடம்பு நான் தச்சது இல்ல. இத்தனை வருஷம் அதைக் கசக்கி மூலைல போட்டு வச்சிருந்தேன். எடுத்து உதறி நிமிர்த்திப் பார்த்தேன், நல்லா தச்சிருந்துச்சு. தச்சவருக்கு அங்கேயே நன்றி சொன்னேன். அது மேட்டிமைன்னா, உங்க நீலக் கவுனையும் நான் திருப்பி வாங்கிக்கணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மூப்பர்களில் ஒருவர் இருமல் மாதிரி நடித்துப் பார்த்தார், முடியவில்லை. சாட்சியம்மா சிவந்துபோய் நின்றவள் கடைசியில், "கவுனெல்லாம் தர மாட்டேன்," என்றாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

பாஸ்டர் ஐயா தரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஒரு தடவை தொட்டில இவங்களுக்கு முடியாம போனப்ப நானும் பக்கத்துல இருந்தேன். என் கைலயும் பலம் இல்ல. அதையும் சபை தெரிஞ்சுக்கணும்," என்றார். எந்தத் தடவை என்று அவர் விளக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "ஜிம்மும் இருக்கட்டும், தொட்டியும் இருக்கட்டும். கண்ணாடி முன்னாடி நிக்கிறவங்க நன்றி சொல்லிட்டு நகரட்டும். அவ்வளவுதான்."

அடுத்த ஞானஸ்நானத்துக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. கோச் பச்சை ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் அக்காவின் அங்கிக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஈயக் குண்டுகள். "என்னடி, ஏற்கெனவே இருக்கிற கனம் பத்தாதா?" என்று அவள் முணுமுணுத்தாள்.

தையலக்கா நாற்காலி முன்னால் காலை அகட்டி நின்றாள். முதுகை நேராக்கினாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் அடியில் கொடுத்து, தன் பாட்டின் முதல் அடியை மூச்சுக்குள் பாடினாள். அடி முடிந்தபோது டிக்கெட் அக்கா நாற்காலியில் இல்லை, அவள் நெஞ்சோடு இருந்தாள். தையலக்கா அவளைச் சுமந்தபடி படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். இடுப்பு வாயைத் திறக்கவில்லை. பாஸ்டர் ஐயா தலையில் கை வைத்தார், ஜெபம் சொன்னார். வெள்ளை அங்கி தண்ணீருக்குள் போனது. முகமும் போனது.

உடனே வந்தது. தையலக்கா ஒரே மூச்சில், ஒரே வீச்சில் அவளை மேலே கொண்டுவந்தாள். தண்ணீர் சுவர் போல எழுந்து பாஸ்டர் ஐயாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து விசில் சத்தம் கேட்டது. அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் விசில் அடித்ததில்லை, அன்று யாரும் தடுக்கவும் இல்லை. தொட்டியின் ஓரத்தில் விரித்த துண்டோடு முதல் ஆளாக நின்றவள் சாட்சியம்மா.

டிக்கெட் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இடமும் வலமும் பார்த்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு தையலக்காவின் காதுக்குள், "ஏண்டி, எனக்கு வெளிச்சம் ஒண்ணும் தெரியலையே," என்றாள்.

"அக்கா, இது முழு டிக்கெட்," என்றாள் தையலக்கா, அவளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தபடி. "கண்ணைத் திறந்து சுத்திப் பாரு, எல்லாம் தெரியும்."