மூன்றாம் எண் பகுதி

ஒன்றிலிருந்து நான்கு வரை எனக்கு எண்ணத் தெரியாது. ஐம்பத்துநான்கு வயதில், முதுகலைப் பட்டத்தோடும் இரண்டு அலமாரிப் புத்தகங்களோடும் இருப்பவன் இதைச் சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் நடந்ததற்கு வேறு விளக்கம் கிடையாது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தது. இப்படிப் பூட்டிக் கொடுப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துவிட்டு ஒரே உபதேசத்தைச் சொல்வார்கள். சி-யில் சிஸ்டம் இருக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளும், முக்கியமானதை எல்லாம் டி-யில் போடுங்கள். என் மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நான் இ-யை எடுத்துக்கொண்டேன். அதில் படிக்காத புத்தகங்களும், பதினோரு வருஷமாக மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கும் என் நாவலும் இருந்தன.

டி-யில் அவளுடைய தம்பியின் குரல் இருந்தது. மஸ்கட்டில் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை லீவில் அக்காவுக்குப் போனில் குரல் செய்தி அனுப்புவார். ரூமில் என்ன சமைத்தார், ஊரிலிருந்து கொண்டுபோன அப்பளம் எப்படி நமத்துப்போயிற்று, ஸ்ரீரங்கத்தில் மழை உண்டா, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே தூக்கத்தில் போய்விட்டார். திருச்சி விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் பக்கமாகப் போய் அவரை வாங்கிவந்தோம்.

மனைவியின் போன் சாகக் கிடந்த நேரத்தில் அந்தச் செய்திகளைக் கடையில் கொடுத்து எடுத்து, சொன்னபடி டி-யில் போட்டுவைத்தாள். மறுவாரம் போன் போயிற்று. தம்பியின் திவசத்தை அவர்களுடைய சித்தப்பா பிள்ளை செய்கிறார். போன வருஷம் அங்கே எல்லாம் முடிந்து திரும்பியதும் இவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். மற்ற நாளில் அந்தப் பக்கமே போக மாட்டாள்.

இந்த நிலையில் எனக்குக் கட்டற்ற மென்பொருளில் பற்று வந்தது. பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் கிடையாது என்றார்கள். புதியதை ஏற்கும் தகுதி என் மெஷினுக்கு இல்லை என்றது திரை. அதை என்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் பற்றி நாலு கட்டுரை படித்துவிட்டு ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் சுதந்திரம் குறித்துப் பிரசங்கம் செய்தேன். “டி-யைத் தொடாதேள்” என்று மட்டும் சொன்னாள். என் பங்கான இ-யை அழித்து அதில்தான் போடப்போகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். முன்ஜாக்கிரதையாக ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தேன். நாவலை மட்டும்.

ஒரு சனிக்கிழமை அவள் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தபோது உட்கார்ந்தேன். லினக்ஸுக்கு சி, டி, இ எதுவும் தெரியாது. அதன் பட்டியலில் வெறும் எண்கள் இருந்தன, நான்கு வரை. சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று என்று விரல் விட்டு எண்ணினேன். நான்காவது எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. கடைக்காரர் தம் உபயோகத்துக்கு ஏதாவது வைத்திருப்பார் என்று மரியாதையாக விட்டுவிட்டேன். உண்மையில், பழைய சிஸ்டம் தன் சொந்தக் காரியத்துக்கு ஒதுக்கிக்கொண்ட சின்னத் துண்டுதான் ஒன்றாம் எண். அதை எங்களுக்கு அது காட்டியதே இல்லை. அதற்கப்புறம்தான் சி, டி, இ. டி-யும் இ-யும் சரிபாதி என்பதால் மூன்றாவதின் அளவைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை.

இந்தப் பகுதியில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், மீட்க இயலாது என்று தமிழிலேயே எச்சரித்தது. பரவாயில்லையே, நல்ல தமிழ் என்று ரசித்தேன். ‘அனைத்தும்’ என்பதற்கு ‘எல்லாம்’ போட்டிருக்கலாம் என்று மனதுக்குள் திருத்தினேன். பிறகு ‘சரி’யை அழுத்தினேன்.

மூன்று நாள் அந்தத் திரையை விட்டு நகரவில்லை. அப்டேட் செய்தேன், எழுத்துருக்களை இறக்கினேன், சும்மாவாவது எதையாவது போட்டு எடுத்தேன். நான்காம் நாள், விட்டுவைத்த அந்த நான்காம் எண்ணைத் திறந்து பார்த்தேன். என் நாவல் ஒரு வரிகூடக் குறையாமல் அதில் இருந்தது. அது இருக்கிறதென்றால் எது இல்லை என்பதற்கு எண்ண வேண்டியிருக்கவில்லை.

மனைவியிடம் சர்வீஸ் என்று பொய் சொல்லி, பெட்டியை மண்ணச்சநல்லூர் அரிசிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, “தெரிஞ்ச உடனே ஆஃப் பண்ணிட்டீங்கள்ல?” என்றார்.

தெரிந்ததே மூன்று நாள் கழித்துதான், அதுவரை அப்டேட் செய்துகொண்டிருந்தேன் என்றேன்.

“என்ன சார், படிச்சவங்க நீங்க.” பையை விலக்கிப் பெட்டியைப் பார்த்தார். “அழிச்சது அழிச்ச உடனே போயிடாதுங்க. அதுக்கு மேல எழுத எழுதத்தான் போகும். நீங்க மூணு நாளா எழுதியிருக்கீங்க.”

வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக எழுதியது அந்த ஒரு தடவைதான். பார்க்கிறேன், நம்பிக்கை வைக்காதீர்கள் என்று பெட்டியை வாங்கிவைத்துக்கொண்டார்.

திவசத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்றிருந்தேன். நான் கணக்கு வைத்திருந்தது போன வருஷத்து இங்கிலீஷ் தேதியை. திதி பதினோரு நாள் முந்தி வந்தது. சித்தப்பா பிள்ளை வீட்டிலிருந்து திரும்பி, கம்ப்யூட்டர் இருந்த மேஜை முன்னால் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: “இன்னும் வரலையா?”

சொன்னேன். எண்ணியதிலிருந்து எல்லாவற்றையும்.

“எல்லாமேவா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போனாள். கட்டில் மேல் மடித்து வைத்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். நான் வாசல்படியிலேயே நின்றேன். திட்டியிருந்தால் நகர்ந்திருப்பேன்.

அடுத்த வாரம் கடைக்காரர் கூப்பிட்டார். கிடைத்தது ஒரே ஒரு துணுக்கு, நாலு வினாடி. அதை என் போனில் வாங்கிவந்து வீட்டில் போட்டோம். ஏசியின் இரைச்சல், அப்புறம் அவர் குரல்: “சரிக்கா, வெச்சுடறேன்.”

மூன்று தடவை கேட்டாள். “எல்லாத்துலயும் முடிக்கறச்சே இதான் சொல்லுவான். இது எதுன்னு தெரியலையே” என்றாள். அதன் பிறகு அதைப் போடச் சொல்லவில்லை. கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டி அரிசிப் பையிலேயே இருக்கிறது.

அந்தப் பேச்சையே எடுக்காமல் ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அவன் அனுப்பினதுல ஒண்ணுல, அத்திம்பேரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாதேன்னு சொல்லியிருந்தான். மனசு கஷ்டப்படுவேள்னுதான் உங்களுக்குப் போட்டுக் காட்டலை.”