பெரிய எழுத்தில் ஒரு மெனு

புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஆன் செய்தேன். விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும் தொடக்க மெனு வந்தது. எழுத்துகள் கடுகைக் கொட்டியதுபோல் இருந்தன. திரை எவ்வளவு துல்லியமோ, அந்த மெனுவில் எழுத்து அவ்வளவு பொடிசு. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின்மேல் கோபம் வந்தால் எனக்கு ருக்மணியக்கா ஞாபகம் வந்துவிடும்.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் என் முதல் வேலை. படியேறும்போதே புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறும். இன்றும் புதுச்சட்டை பிரித்தால் எனக்குக் கீபோர்டு நினைவுதான் வருகிறது, சிரிக்காதீர்கள். காலையில் அக்கா விண்டோஸில் கணக்கு வகுப்பு எடுப்பார். மதியம் அதே கம்ப்யூட்டர்களில் நான் லினக்ஸ் எடுப்பேன். அக்கா மெஷினிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். “வாங்க சாமி, வெரசா வாங்க” என்பார்.

முதலாளி அகலமான புது மானிட்டர்கள் வாங்கிப் போட்டார், மெனு எழுத்து பொடிசாகிவிட்டது. அப்புறம் ஒருநாள் நான் லினக்ஸை அப்டேட் செய்துவைத்தேன். மறுநாள் அக்கா எத்தனை முறை ஆன் செய்தாலும் கம்ப்யூட்டர் லினக்ஸுக்குள்ளேயே போய் நின்றது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்டேட்டில் மெனுவில் புதிதாக ஒரு வரி சேர்ந்து, விண்டோஸ் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன்.

“கீழ எத்தன தடவ அமுக்கோணும்னு மனப்பாடம் பண்ணிப்போட்டேன் கண்ணு. உள்ள போயிட்டா எழுத்தப் பெருசு பண்ணிக்குவேன். இந்த மெனுதான் தெரிய மாட்டேங்குது.”

சர்க்கரையால் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தார்.

“விண்டோஸே தானா வர்ற மாதிரி பண்ணிர்றனுங்க அக்கா.”

“வேண்டாம் கண்ணு. நாளைக்கு அதும் மாறிப்போச்சுன்னா? நானே படிச்சுத்தான் உள்ள போகோணும்.”

விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். எழுத்து பெரிதாகத் தெரிய, செட்டிங் கோப்பில் மெனுவின் திரை அளவை 800x600 என்று குறைத்து ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மாற்றியதை மெனுவில் ஏற்றும் கட்டளையைக் கொடுக்காமலே மெஷினைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், நான் லினக்ஸ் வாத்தியார்! கொடுத்தேன். அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்துத் தெரியவில்லை என்று தலையாட்டினார். இன்னும் குறைத்து 640x480 வைத்தேன். அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார்.

முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “ஏனுங்க, ஆஸ்பத்திரி போர்டாட்டம் இருக்குது! பழையபடி மாத்துங்க.”

நான் வாய் திறக்குமுன் அக்கா எழுந்துவிட்டார். “எனக்குப் பார்வை மங்கலுங்க. எழுத்து இப்புடி இருந்தா வகுப்புல ஒரு கொறையும் வராதுங்க. வந்தா நானே நின்னுக்கறனுங்க.”

முதலாளி மெனுவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மெனுவை அப்படியே விட்டுவிட்டுப் போனார். சென்டர் மூடும்வரை அக்கா அங்கேதான் வேலை பார்த்தார்.

இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். அக்கா கொடுமுடியில் மகள் வீட்டில் இருக்கிறார். என் லேப்டாப்பிலும் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

“இப்பெல்லாம் எவ்வளவு பெருசு பண்ணுனாலும் எனக்குத் தெரியாது கண்ணு, முழுசா போயிருச்சு” என்றார். பிறகு அவரே சொன்னார்: “ஆனா கடசி நாள் வரைக்கும் நானேதான படிச்சு உள்ள போனேன்?”

“ஆமாங்க அக்கா” என்றேன்.