ஃபென்னாவின் குளிர்காலக் கணக்கு

வரப்போகும் குளிர்காலத்தில் நாடு எவ்வளவு எரிவாயு எரிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் ஃபென்னாவின் வேலை. எனக்கு அடுத்த மேசை. நாங்கள் டச்சுக்காரர்கள், யாருக்கும் குளிர்ந்துவிடக் கூடாது. அதனால் எப்போதும் கடுங்குளிருக்கான கணக்குதான் மேலதிகாரிகளுக்குப் போகும். அங்கேயும் ஆளாளுக்குப் பாதுகாப்புக்கென்று ஒரு பிடி சேர்ப்பார்கள். கணக்கு ஏறினால் வடகிழக்கே குரோனிங்கன் மாகாணத்தில் கூடுதலாக வாயு எடுப்பார்கள். கூடுதலாக எடுத்தால் அடிமண் அமுங்கி அங்கே நிலம் ஆடும்.

ஃபென்னாவின் தம்பி ஹார்ம் அங்கேதான் இருந்தான். அப்பா விட்டுப்போன செங்கல் வீடு. சுவர் சாயாமலிருக்க வெளியே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். "இந்த வருஷமாவது கொஞ்சம் குறைச்சுக் காட்டேன்க்கா" என்று போனில் கேட்பான். "இருக்கிறதைத்தான்டா எழுத முடியும்" என்பாள். போனை வைத்தபின் வெகுநேரம் வேலை ஓடாது அவளுக்கு.

அந்த வருஷம் கணக்கு இறங்கும் என்று ரொம்ப நம்பியிருந்தாள். நாடெங்கும் குளிர் புகாத புது ஜன்னல், புதுக் கூரை. எல்லாப் பக்கமும் வாயுச் செலவு குறைந்திருந்தது. வடகிழக்கு மட்டும் ஏறியது. "இவங்களுக்கு என்ன கேடு? ஊரே மிச்சம் பிடிக்குது, இவங்க மட்டும் கொளுத்தித் தள்றாங்க" என்று நான்கூட எரிந்து விழுந்தேன். ஃபென்னா திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். அந்த ஏற்றம் தொடரும் என்று எழுதி அனுப்பினாள்.

பிப்ரவரியில் ஹார்முக்குப் பிறந்தநாள். அவள் கார் பழுதாகிக் கிடந்ததால் நான் கூட்டிப்போனேன். எங்கள் வழக்கப்படி வட்டமாக நாற்காலி போட்டு, எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கொரு துண்டு கேக். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் என் முதுகு சில்லிட்டது.

"ஏன்டா இவ்வளவு கூட்டி வெச்சிருக்கே? அப்பா இருந்தா ஸ்வெட்டரைத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சிருப்பார்" என்றாள் ஃபென்னா.

"அப்பா காலத்துல சுவர் சுவரா இருந்துச்சுக்கா." ஹார்ம் சோபாவை நகர்த்தினான். கை நுழையும் அளவுக்கு விரிசல். பழைய குளியல் துண்டுகளைத் திணித்திருந்தான். "எவ்வளவு எரிச்சாலும் பாதி இதுவழியா வயலுக்குப் போயிடுது. தெருவுல எல்லா வீடும் இப்படித்தான்."

அவள் ஒரு துண்டை உருவினாள். காற்று உள்ளே அடித்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாம வாயு எடுக்கிறோம், சுவர் வெடிக்குது. சுவர் வெடிச்சா இவன் கூடுதலா எரிக்கிறான். அதை நான் தேவை கூடிடுச்சுன்னு எழுதி அனுப்பியிருக்கேன்" என்றாள் என்னிடம். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இது தம்பி செலவில்.

திங்கட்கிழமை வந்ததும் நடந்ததை விளக்கி மேலே எழுதினாள். அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டு, முதலில் வீடுகளைப் பூசிக் கொடுங்கள் என்று கேட்டாள். காரணம் எதுவானாலும் தேவை தேவைதான், எண்ணை மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. அவள் கோபப்படக்கூட இல்லை. அலுத்துப்போன முகத்தோடு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஹார்ம், என் வீட்ல பழைய துண்டு நிறையக் கிடக்குடா" என்றாள். "அனுப்பி வைக்கட்டுமா?"