நல்லரத்தினம் அத்தானின் சுஷி மரியாதை

என் அக்காவின் புருஷன் நல்லரத்தினம் அத்தான் வவுணதீவில் வேளாண்மை செய்கிறவர். சுஷியை மரியாதையாகச் சாப்பிடுவது எப்படி என்பதில் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. இந்தக் கதை நடக்கும்வரை ஒரு சுஷியையும் அவர் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம். எல்லாம் போனில் பார்த்துப் படித்த படிப்பு.

காரணம் மகள் கம்சாயினி. அவளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை நிலோஜன், ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்தவன். கம்சாயினிக்கும் அவனைப் பிடித்திருந்தது. முன்பு வந்த சம்பந்தம் கடைசி நேரத்தில் குழம்பிப்போனதால், இதுவும் போனால் அக்கா தாங்கமாட்டாள். ஆகவே மாப்பிள்ளை வீட்டாரை டவுனில் புதிதாகத் திறந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு அழைப்பதென்று அத்தான் முடிவெடுத்தார். வீட்டில் நண்டுக்கறி வைத்தால் மாப்பிள்ளை மதிக்கமாட்டானாம்.

வீட்டில் பாடம் தொடங்கியது. சோற்று உருண்டையின் மேல் பாரைமீன் துண்டை வைத்து, இரண்டு மூங்கில் தடியால் தூக்க வேண்டும். சோயா சோஸில் மீன் பக்கம்தான் தொடலாம். சோற்றுப் பக்கம் தொட்டால் பெரிய அவமரியாதை. ஒரே வாயில் போட வேண்டும். இஞ்சியை இடைக்கிடை தனியாகத்தான் தின்ன வேண்டும். மறந்துபோய்க் கையால் எடுத்த அக்காவுக்கு விழுந்த ஏச்சு அயலுக்கே கேட்டது.

கடையில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் விருந்தாளியின் தட்டு வெறுமையாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஊரில் யாரால் முடியும்?

“இன்னொண்டு எடுங்க மனே,” என்று தன் தடியால் ஒரு துண்டைத் தூக்கி, நிலோஜனின் தடிக்கு நேரே நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. “மாமா, அங்க தடியால தடிக்குக் குடுக்கிறது, செத்தவங்கள எரிச்சுப்போட்டு எலும்பு எடுக்கக்குள்ள மட்டுந்தான்,” என்றான் மெதுவாக.

அவனுடைய தாய் சாப்பிடுவதை நிறுத்தினார். “கலியாணப் பேச்சில எலும்பு பொறுக்கிற காடாத்தா?”

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. அத்தானின் தடியில் துண்டு அந்தரத்தில் தொங்கியது.

கம்சாயினி எட்டி, அந்தத் துண்டைக் கையால் எடுத்து வாயில் போட்டாள். “நல்லாத்தான் கிடக்கு மாமி,” என்றாள் மென்றபடியே. நிலோஜன் பெரிதாகச் சிரித்தான். சுஷியைக் கையால் சாப்பிடுவதும் அங்கே மரியாதைதானாம். அவனும் தடியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தான். அப்போது அக்கா அத்தானைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

நிலோஜனின் தாய், கையால் தின்கிற இருவரையும் பார்த்தார். பிறகு அத்தான் பக்கம் திரும்பினார்.

“எனக்குச் சம்மதம் அண்ணன். கட்டினாப் பிறகு ஊர் வழக்கப்படி என்ட மகன் உங்கட வீட்டிலதானே இருக்கப்போறான்? அங்க இப்பிடித் தடி கிடந்தா இண்டைக்கே அடுப்பில வைங்க.”